நாற்பத்தெட்டுக் கேள்விகளும் ஒரு தீப்பெட்டியும்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, போன வருஷம் மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு 'முறை ஒதுக்கீட்டுப் படிவ'த்தைக் கண்டுபிடித்தது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறை விவகாரம் என்பது கொரெல்லா ரிட்ஜ் மாந்திரீகர் சங்கத்தின் தாழ்மையான கருத்து.

மெல்பர்னுக்குக் கிழக்கே மலைச்சரிவில் இருக்கிறது கொரெல்லா ரிட்ஜ். ஒரு பேக்கரி, ஒரு பள்ளிக்கூடம், பதினோரு மாந்திரீகர்கள். படிவம் வருவதற்கு முன்னால் அங்கே நிலவிய குழப்பத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு பதறுகிறது. ஒருவர் வாளைச் சுழற்றி லத்தீனில் முழங்கினார். ஒருத்தி யூகலிப்டஸ் மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். இன்னொருவன் செல்போனில் விரலால் ஏதோ கிறுக்கிவிட்டு, மந்திரம் முடிந்துவிட்டது, பிஸ்கட் எங்கே என்று கேட்டான். யாருக்கு எந்த மாந்திரீகம் பொருந்தும் என்று சொல்ல நாதியில்லாமல் கிடந்தது ஊர்.

சொல்வதற்கென்றே பிறந்தவர் டிரெவர் லட்லோ. முப்பது வருஷம் வீடு விற்றுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வாசலில் கார் வந்து நிற்கிற தோரணையை வைத்தே, இறங்கப்போகிறவருக்கு எத்தனை படுக்கையறை பொருந்தும் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு மாந்திரீக முறை ஒதுக்குவது ஒரு பெரிய காரியமா? சங்கத்துக்குள் அவர் பெயர் மகாகுரு ஆரேலியன். வெளியே தபால்காரர் மட்டும் பிடிவாதமாக டிரெவர் என்றே கூப்பிட்டார்.

படிவத்தில் நாற்பத்தெட்டுக் கேள்விகள். உதாரணத்துக்கு ஏழாவது: 'காட்டில் தனியே நடக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு குரல் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. என்ன செய்வீர்கள்? (அ) அதன் பதவி என்ன என்று விசாரிப்பேன். (ஆ) அந்தக் குரலும் நானே என்று உணர்வேன். (இ) பக்கத்திலுள்ள மரத்தைக் கலந்தாலோசிப்பேன்.' 'அ' அதிகம் போட்டவர்களுக்கு உயர்சடங்கு முறை. 'ஆ' போட்டவர்களுக்குத் தான்தோன்றி முறை. இதில் விதி எதுவும் கிடையாது, நம்புவதே விதி. 'இ' போட்டவர்களுக்குப் பச்சிலை முறை.

முடிவுகள் வெளியானபோது சபை வியப்பில் ஆழ்ந்தது. மலையுச்சியில் மாடி வீடு வைத்திருந்த நால்வருக்கும் உயர்சடங்கு முறையே பொருந்தியது. வீட்டில் பைஜாமாவோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்த மூவருக்கும் தான்தோன்றி முறை. யோகா வகுப்புக்குப் போகிறவர்களும் அதை நடத்துகிற சோரலும் சேர்ந்து நால்வருக்குப் பச்சிலை முறை. இதில் தற்செயல் என்று எதுவும் இல்லை. பிரபஞ்சம் ஆள் பார்த்துத்தான் அருள் செய்கிறது.

ஒரே ஒரு படிவம் மட்டும் சிக்கலாகிப்போனது. அது கிளெனிஸ் டிரெலோர் நிரப்பிய படிவம்.

கிளெனிஸுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட கேண்டீனில் சமைத்தவள். கணவன் நெவில் ஊர்த் தீயணைப்புப் படையில் தன்னார்வத் தொண்டராக இருந்தவன். எத்தனையோ காட்டுத்தீயைப் பார்த்துவிட்டு, மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் கொட்டகையில் புல் வெட்டும் யந்திரத்தின் பிளேடைத் தீட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் வீட்டில் வானொலி நிற்பதே இல்லை. கிரிக்கெட், பங்குச்சந்தை, ஆட்டு விலை, எதுவானாலும் சரி, யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும்.

அவள் சங்கத்துக்கு வந்ததன் காரணம் மாந்திரீகம் இல்லை. ஒரு தடவை கூடத்துக்கு ஸ்கோன் பன் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சடங்கு முடிகிற நேரம். எல்லோரும் வட்டமாக நின்று ஒரு நிமிஷம் கை கோப்பது வழக்கம். சோரல் சட்டென்று அவளையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் சோரலின் கை, அந்தப் பக்கம் யாரோ ஒரு தாடிக்காரரின் கை. நெவில் போனதிலிருந்து யாரும் அவள் கையை ஒரு நிமிஷம் முழுசாகப் பிடித்ததில்லை. டாக்டர்கூட நாடிக்குப் பதினைந்து விநாடிதான் கொடுப்பார். அன்று வீட்டுக்குப் போய் வானொலியை அணைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு நிமிஷம் திரும்பக் கிடைக்க வேண்டும். வாரம் ஒரு நிமிஷம். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆனால் ஆசைப்பட்டவர்களையெல்லாம் உள்ளே விட்டால் அப்புறம் சங்கம் எதற்கு, படிவம் எதற்கு? ஏழாவது கேள்விக்கு அவள் அ, ஆ, இ எதையும் தொடாமல், ஓரத்தில் பென்சிலால், 'டீ வேணுமான்னு கேப்பேன்' என்று எழுதியிருந்தாள். முப்பத்தோராவது கேள்வி, 'தீயுடன் உங்கள் உறவு எத்தகையது?' மகாகுரு அதற்கு, 'நான் தீயை ஆள்கிறேன்' என்று எழுதியிருந்தார். சோரல், 'தீ என்னுடன் பேசும்' என்று எழுதியிருந்தாள். தான்தோன்றி முறையின் தூணான ஜாரட், 'தீ என்பது ஒரு கருத்து' என்று எழுதியிருந்தான். கிளெனிஸ் எழுதியது: 'தினமும் ரெண்டு வேளை. கேஸ் அடுப்பு.'

செயற்குழு மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தின் முடிவு, 'முறை காணப்படவில்லை.' இரண்டாவது கூட்டத்தின் முடிவும் அதுவே, ஆனால் 'வருத்தத்துடன்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. மூன்றாவது கூட்டத்துக்கு அவள் எலுமிச்சை கேக் கொண்டுவந்திருந்ததால் பிரபஞ்சம் சற்றே மனமிரங்கியது. அவளுக்கென்றே புதிதாக 'அடுப்படி முறை' தோற்றுவிக்கப்பட்டது. அதன் ஆற்றல் அடுப்படியில்தான் பெருகும் என்றும், வட்டத்துக்குள் வந்தால் சிதறிவிடும் என்றும் மகாகுரு தியானத்தில் கண்டறிந்தார்.

"அப்போ கை கோக்கறப்போ மட்டும் நான் வரலாமா?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

"கிளெனிஸ், அந்த நேரத்துலதான் தண்ணி கொதிக்கணும்," என்றார் மகாகுரு கனிவோடு. "வட்டம் கலைஞ்சதும் எங்களுக்கு டீ வேணும். சக்தி இறங்கின உடம்பு பாருங்க, சர்க்கரை கேக்கும்."

"கெட்டில் ஸ்விட்சைப் போட்டுட்டு ஓடி வந்துடறேனே. கொதிச்சா அதுவா நின்னுடும்."

"அது நின்னுடும். ஆனா அடுப்படி முறைக்காரங்க அடுப்பை விட்டுட்டு வர்றதுங்கறது... சோரல், நீ சொல்லேன்."

"ரொம்ப நெகட்டிவ்," என்றாள் சோரல், கண்ணைத் திறக்காமலே.

இவ்வாறாகக் கிளெனிஸ் மாந்திரீகரானாள். ஒவ்வொரு புதன்கிழமையும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பதினோரு பேர் கை கோத்து நிற்பதைப் பார்த்தாள். கெட்டில் கொதித்து அதுவாக நின்றது.

சங்கத்தின் அடுத்த சாதனை திசைப் பிரச்சினை. மகாகுருவின் புத்தகங்கள் எல்லாம் இங்கிலாந்தில் அச்சானவை. சூரியன் போகிற வழியில் வட்டத்தைச் சுற்ற வேண்டும், அதாவது கடிகார முள் போகிற பக்கம் என்று அவற்றில் எழுதியிருந்தது. தெற்கு தீயின் திசை, வடக்கு மண்ணின் திசை என்றும் எழுதியிருந்தது. ஆனால் கொரெல்லா ரிட்ஜில் சூரியன் வடக்கே சாய்ந்து, வலத்திலிருந்து இடமாகப் போகிறது. இதைச் சுட்டிக்காட்டிய பச்சிலை முறையினர், முள்ளுக்கு எதிர்ப்பக்கம்தான் சுற்றுவோம் என்று அடம் பிடித்தார்கள்.

"சூரியன் இங்க அந்தப் பக்கமாத்தான் போகுது, மகாகுரு. வெளிய வந்து பாருங்க," என்றாள் சோரல்.

"சூரியன் எப்படி வேணாப் போகட்டும். புத்தகம் நாலாவது பதிப்பு வந்தாச்சு."

"இதுல யாருக்கு எது உண்மையோ அதுவே உண்மை," என்றான் ஜாரட்.

வேற்றுமையைப் போற்றுவதே சங்கத்தின் உயிர்மூச்சு என்பதால், அவரவர் முறைப்படி அவரவர் சுற்றலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நால்வர் வலமாகவும், நால்வர் இடமாகவும், மூவர் தோன்றியபடியும் ஒரே வட்டத்தில் சுற்றினார்கள். அன்று மகாகுருவின் முன்பல் ஒன்று ஆடியது. ஜாரட்டின் மூக்குக்கண்ணாடி இரண்டானது. 'திசைகளின் சங்கமம் உடலளவில் உணரப்பட்டது' என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவானது. உறைந்த பட்டாணிப் பொட்டலங்களைத் துணியில் சுற்றி எல்லோருடைய நெற்றியிலும் வைத்தது அடுப்படி முறை. அதைக் குறிப்பில் யாரும் எழுதவில்லை; எழுதுகிற கையிலும் ஒரு பொட்டலம் இருந்தது.

டிசம்பர் வந்தது. எட்டு மாதமாக ஒழுங்கான மழை இல்லை. மைதானத்துப் புல் காலில் பட்டால் நொறுங்கியது. யூகலிப்டஸ் மரங்கள் பட்டையை நீள நீளமாக உரித்துத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன. அந்த நேரத்தில் மகாகுரு செயற்குழுவைக் கூட்டி, டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி நண்பகல் கூடத்துக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் குளிர்கால நெருப்புத் திருவிழா நடக்கும் என்று அறிவித்தார். ஒளி குன்றிப்போன சூரியனைப் பெருநெருப்பு மூட்டி மீண்டும் எழுப்புவது அதன் நோக்கம்.

சபையில் சிறு சலசலப்பு எழுந்தது.

"மகாகுரு, இது கோடைக்காலம்," என்றாள் சோரல்.

"புத்தகத்துல டிசம்பர்னு போட்டிருக்கு. டிசம்பர்னா குளிர்காலம்."

"வெளிய நாப்பது டிகிரி."

"அது வானிலை. நான் பேசறது காலத்தைப் பத்தி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

"அன்னிக்கு முழுத் தீத்தடை வரும்னு ரேடியோல சொன்னாங்க," என்றாள் கிளெனிஸ், ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "வெளிய ஒரு குச்சி பத்தவச்சாலும் கேஸ் போடுவாங்க. ஜெயில்கூட உண்டு."

மகாகுரு இந்த ஆட்சேபணைக்காகவே காத்திருந்தவர் போலப் புன்னகைத்தார். தடை என்பது சமைப்பதற்கும் குப்பை எரிப்பதற்குமான சாதாரண நெருப்புக்குத்தான் என்றும், சூரியனுக்கு உதவுவதற்கான நெருப்பைச் சட்டம் எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள் என்றும் விளக்கினார். சபை அந்த வாதத்தின் ஆழத்தைக் கண்டு தலையாட்டியது. பிறகு ஒரு சின்ன நடைமுறைக் கேள்வி மட்டும் பாக்கியிருந்தது. யார் பற்றவைப்பது?

இங்கேதான் முறை ஒதுக்கீட்டின் மகிமையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். படிவம் இல்லாத காலமாக இருந்தால் யாராவது ஒருவர் எழுந்து, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி அவமானப்பட்டிருப்பார். இப்போது அந்த அவசியமே இல்லை. உயர்சடங்கு முறையில் குரு தீக்குச்சியைத் தொடுவதில்லை, ஆசீர்வதிப்பார். பச்சிலை முறையில் விறகைத் துன்புறுத்தக் கூடாது. தான்தோன்றி முறையில் பற்றவைத்ததாக நினைத்தாலே போதும். ஜாரட் அங்கேயே நினைத்து முடித்துவிட்டான். பதினோரு பேரும் தங்கள் தங்கள் முறைப்படி ஒதுங்கிக்கொண்ட பிறகு, பதினோரு முகங்களும் அந்தச் சின்ன ஜன்னல் பக்கம் திரும்பின.

"முப்பத்தோராவது கேள்வி!" என்றார் மகாகுரு, புதையலைக் கண்டவர் போல. "தீயோட தினமும் ரெண்டு வேளை உறவு வச்சிருக்கறது இந்தச் சபையில ஒருத்தர்தான்."

"நானா?" என்றாள் கிளெனிஸ்.

"அடுப்படி முறையோட உச்சகட்டமே இதுதான், கிளெனிஸ். நெருப்பை நீங்க மூட்டணும். மூட்டின உடனே வட்டத்துக்குள்ள வந்துடுங்க. அன்னிலேர்ந்து நீங்க முழு உறுப்பினர்."

"வட்டத்துக்குள்ளயா?"

"உள்ளதான்."

"கை கோக்கறப்போ?"

"என் பக்கத்துலயே நில்லுங்க," என்றார் மகாகுரு. ஊதாப் பட்டுத்துணியில் சுற்றிய ஒரு தீப்பெட்டியை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தார். புத்தம் புதுசு, மேலே ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழியவில்லை.

"நல்லதாப் போச்சு," என்றான் ஜாரட். "சட்டப்படியும் யார் கொளுத்தறாங்களோ அவங்க மட்டும்தான் பொறுப்பாம். மகாகுரு விசாரிச்சுட்டார்."

மகாகுரு அவனைப் பார்த்த பார்வையில் லத்தீன் இருந்தது.

கிளெனிஸ் முட்டாள் அல்ல. ஜாரட் சொன்னது அவள் காதில் விழத்தான் செய்தது. ஆனாலும் தீப்பெட்டியை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதை யாரும் தப்பு சொல்லக் கூடாது. மூன்று வருஷம் ஒருத்தி ஆட்டு விலை கேட்டுக்கொண்டே சாப்பிட்டால் அவளும் எடுத்துக்கொள்வாள்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த நெவிலின் மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். அதன் பையிலிருந்து கையுறை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துப் பார்த்தாள். விறைத்த தோல், உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு குச்சி, ஒரு உரசல், அப்புறம் ஒரு நிமிஷம் நிஜக் கை. வானொலி முழுத் தீத்தடை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாயை மூடு என்று அதட்டிவிட்டுக் கிளம்பினாள்.

நண்பகலில் நாற்பத்தோரு டிகிரி. மைதானத்தில் ஆளுயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது. உயர்சடங்கு முறையினர் நால்வரும் குளிர்காலத்துக்கென்றே நெய்த கம்பளி அங்கிகளில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார். மகாகுருவின் கையில் கண்ணாடி லாந்தர். அதனுள்ளே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அது காலையில் கூடத்தில் பூஜை செய்து ஏற்றிய 'புனித ஒளி'. அதைச் சடங்கு முடியும்வரை கீழே வைக்கக் கூடாது. கிளெனிஸ் இருபது லிட்டர் டீப் பாத்திரத்தை மேஜைமேல் வைத்து, வெயிலுக்கு இதமாக டீக்குப் பதில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பியிருந்தாள்.

மகாகுரு முக்கால் மணி நேரம் சூரியனுக்கு ஆறுதல் சொன்னார். தலைக்கு மேலே சூரியன் அப்படியொன்றும் தளர்ந்த மாதிரித் தெரியவில்லை.

"அடுப்படி முறையின் மாந்திரீகி முன்னே வருக!"

கிளெனிஸ் தீப்பெட்டியோடு முன்னே வந்தாள். வட்டம் அவளுக்கு வழி விட்டது. மகாகுருவுக்கும் சோரலுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவளுக்கான இடம். அதை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அப்போது உரிந்து தொங்கிய மரப்பட்டைகள் எல்லாம் ஒன்றுபோலத் தெற்கே பார்த்துப் படபடத்தன.

"முடியாது," என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னேன். வடகாத்து எழும்புது. இந்தப் புல்லுல பிடிச்சா பள்ளிக்கூடம் வரைக்கும் நிக்காது, டிரெவர்."

"வடக்கா?" மகாகுரு பொறுமையாகச் சிரித்தார். "வடக்கு மண்ணோட திசை, கிளெனிஸ். மண்ணுலேர்ந்து எப்படிக் காத்து வரும்?"

"வருதே. உங்க தொப்பி பறக்குது பாருங்க."

"கிளெனிஸ், ப்ளீஸ்," என்றாள் சோரல். "உனக்காகத்தான் இடம் விட்டிருக்கோம். இத்தனை மாசமா நீ இதைத்தானே கேட்ட?"

"ஆமா, கேட்டேன்," என்றாள் கிளெனிஸ். "இப்பவும் வேணும்தான். ஆனா இப்படி வேணாம்." தீப்பெட்டியை மகாகுருவின் முன்னாலிருந்த பலிமேடைமேல் வைத்தாள். "காகிதம்கூடக் கிழியலை. எடுத்துக்கோங்க." திரும்பி நடந்து தன் தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தொப்பியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

சிறியவர்களாக இருந்தால் இதோடு சடங்கைக் கலைத்திருப்பார்கள். மகாகுரு பெரியவர். உயர்சடங்கு முறையில் குரு தீயை மூட்டுவதில்லை. ஆனால் தீ தானாக இறங்கிவர விரும்பினால் அதைத் தடுக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே அவர் லாந்தரின் கதவைத் திறந்து, விறகுக்கு அடியிலிருந்த காய்ந்த புல்லின் பக்கம் சற்றே சாய்த்து, லத்தீனில் ஒரு அழைப்பு விடுத்தார். தீ வரத் தயாராகவே இருந்தது. மகாகுரு லாந்தரை நிமிர்த்திக் கதவை மூடினார்.

முதல் நிமிஷம் எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது நிமிஷம் விறகை விட்டுவிட்டு நெருப்பு புல்லில் இறங்கி ஓடியது.

எந்த மாந்திரீகருக்கு எந்த முறை பொருந்தும் என்பது அந்த நேரத்தில்தான் அப்பழுக்கில்லாமல் நிரூபணமானது. உயர்சடங்கு முறையினர் தீயைப் பார்த்து, நீ யார், உன் பதவி என்ன என்று லத்தீனில் விசாரித்தார்கள். தான்தோன்றி முறையினர் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு, இப்படி எதுவும் நடக்கவில்லை என்று உறுதியாக நம்பினார்கள். சோரல் தீயோடு பேசிப் பார்த்தாள். தீ அவசரத்தில் இருந்தது.

கிளெனிஸ் மேஜையை ஒரே தள்ளாகத் தள்ளிப் பாத்திரத்துத் தண்ணீரைக் கூடத்தின் பின்சுவர்ப் பக்கம் ஓடிய தீயின்மேல் கவிழ்த்தாள். அந்தப் பக்கம் அணைந்தது. மறுபக்கம் வேலியைப் பிடித்துவிட்டது.

"ஜாரட்! தீயணைப்புக்கு மூணு பூஜ்யம் அடி!"

ஜாரட்டின் கையில் செல்போன் இருந்தது. அவன் அதில் விரலால் பாதுகாப்புச் சின்னம் வரைந்துகொண்டிருந்தான்.

"ஜாரட், அந்தப் போன்ல பேசவும் முடியும்ல?"

அந்தக் கோணத்தில் அவன் யோசித்ததில்லை. பேசினான்.

அதற்குள் காற்று புகையை மைதானம் முழுக்க அழுத்திவிட்டது. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. தெருவுக்குப் போகத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு சின்ன வழி உண்டு. அங்கேதான் வாராவாரம் டீத்தூளைக் கொட்டுவாள் என்பதால் கிளெனிஸுக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும். பாத்திரம் துடைக்கிற துணிகளையெல்லாம் தொட்டிக் குழாயில் நனைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்.

"மூக்குல வச்சுக்கோங்க. கையைப் பிடிங்க. ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கோங்க, விட்டுடாதீங்க! டிரெவர், அந்த லாந்தரைத் தூக்கிப் போடுங்க!"

"கீழ வைக்கக் கூடாது," என்று இருமினார் மகாகுரு. "சடங்கு இன்னும் முடியலை."

வாதாட நேரமில்லை. அவருடைய வலக்கையை அவள் பிடித்தாள். இடக்கையில் லாந்தர் இருந்ததால் அவருடைய அங்கிக் கயிற்றை ஜாரட் பிடித்துக்கொண்டான். ஜாரட்டின் கையைச் சோரல் பிடித்தாள். அப்படியே பதினோரு பேரும். எவரும் வலமாகவும் சுற்றவில்லை, இடமாகவும் சுற்றவில்லை. கிளெனிஸ் போன வழியில் போனார்கள்.

மகாகுருவின் கை வேர்த்திருந்தது. ஆற்றில் மூழ்குகிறவன் பிடிக்கிற மாதிரி, விரல் நோகிற மாதிரி அவள் கையை இறுக்கிக்கொண்டிருந்தது. புகையிலும் இருமலிலும் கிளெனிஸுக்கு ஒரு நினைப்பு ஓடியது: இது ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அது நிஜம். அந்தக் கணத்தில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

அவர்கள் தெருவுக்கு வந்து நின்றபோது தீயணைப்பு வண்டியும் வந்தது. படையினர் குழாயோடு மைதானத்துக்குள் ஓடினார்கள். பள்ளிக்கூட வேலிக்கு நூறடி முன்னாலேயே தீயை மடக்கி நிறுத்தினார்கள். படைத்தலைவர் ஆங்கஸ், இருபது வருஷம் நெவிலோடு ஒரே வண்டியில் போனவர், கரி படிந்த முகத்தோடு திரும்பி வந்தார். பதினோரு மாந்திரீகர்களும் கிளெனிஸும் கோத்த கையை விடாமல் வரிசையாக அங்கேயே நின்றிருந்தார்கள்.

"எல்லாரும் இருக்கீங்களா? யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல ஆங்கஸ்," என்றாள் கிளெனிஸ். "எண்ணிட்டேன்."

"நல்லது. யாரு பத்தவச்சது?"

"பத்தவைக்கறதுங்கற கருத்தே எங்க முறையில கிடையாது," என்றார் மகாகுரு. "ஜுவாலை இறங்கிச்சு."

"எனக்கு என்னவோ பூமியே மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு," என்றாள் சோரல்.

"பத்திச்சுன்னு நாம சேர்ந்து ஒத்துக்கிட்டாதான் பத்தினதா அர்த்தம்," என்றான் ஜாரட். அவனுடைய புருவத்தில் பாதி இல்லை.

ஆங்கஸ் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "இத பாருங்க, முறையைப் பத்தி நான் கேக்கலை. அங்க ஒரு பள்ளிக்கூடம் எரிஞ்சிருக்கும். பத்தவச்சது எந்தக் கையோ, அந்தக் கையை மட்டும் தூக்குங்க."

கிளெனிஸின் கைக்குள்ளிருந்த மகாகுருவின் கை அசைந்தது. இறுக்கம் தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக விலகியது. பிறகு அந்த வலக்கை மெல்ல மேலே எழுந்தது. ஒப்புக்கொள்ளத்தான் போகிறார் என்று கிளெனிஸ் நினைத்தாள். மனுஷன்தான், பரவாயில்லை என்றுகூட நினைத்தாள். எழுந்த கை வளைந்து, விரலை நீட்டி, அவள் மேல் நின்றது. அதைப் பார்த்து ஜாரட்டின் கை எழுந்தது. கொஞ்சம் தயங்கிச் சோரலின் கை எழுந்தது. அப்புறம் மற்ற எட்டுக் கைகளும் எழுந்தன.

எல்லா முறையினரும் ஒரே திசையைக் காட்டியது கொரெல்லா ரிட்ஜ் மாந்திரீகர் சங்கத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

ஆங்கஸ் மட்டும் அந்தத் திசையைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது மகாகுருவின் இடக்கையை. அதில் லாந்தர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.